ஒரு போத்தல் போர்தோவும் ஒரு முட்டி கள்ளும்

மன்னார் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில், திருக்கேதீச்சரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மண்மேடு இருக்கு. மாந்தை. பாளி நூல்கள் மகாதித்த எண்டு சொல்லுற துறைமுகம் இதுதான். 1980இல் தொடங்கி 1984 வரை அங்கே பெரிய அகழாய்வு ஒன்று நடந்தது. போர் வந்ததும் அது நின்றுபோனது. பிறகு 2009–2010இல் மறுபடி தோண்டினார்கள். அந்த மண்ணைச் சலித்து எடுத்த தானியங்களையும் விதைகளையும் பற்றிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. நெல் இருந்தது, மிளகு இருந்தது, கிராம்பு இருந்தது, தூர தேசத்துக் கோதுமையும் இருந்தது. கூடவே திராட்சை விதைகளும் இருந்தன. எங்கட பழைய ஆக்கள் முந்திரிகைப்பழம் எண்டு சொல்லுறது. அந்த விதைகளின் காலம் கி.பி. 650க்கும் 800க்கும் இடையில்.

விதை கிடைத்தால் வைன் வந்தது எண்டு அர்த்தமில்லை. காய்ந்த பழமாகவும் வந்திருக்கலாம். ஆனால் கடல் கடந்து வந்த மதுவைத் தமிழர் அறிந்திருந்தார்கள் என்பதற்கு மாந்தைக்குப் போகத் தேவையில்லை. புறநானூற்றில் பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிற நக்கீரர், யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் அருந்தச் சொல்லுறார். அதே புறநானூற்றில், அதியமான் இறந்தபிறகு ஔவையார் அழும்போது முதலில் நினைப்பது அவன் கள்ளைப் பகிர்ந்து தந்த விதத்தைத்தான். வந்த மதுவும் சொந்தக் கள்ளும் அந்த நூலில் ஒரே சபையில் இருக்கு.

இன்றைக்கு அப்படி இல்லை. பிரான்சின் போர்தோ பகுதியில் இருந்து வரும் ஒரு நல்ல சிவப்பு வைன் போத்தல் சில நூறு யூரோவுக்குப் போகிறது. அதைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார்கள், ஏலம் விடுகிறார்கள், பாதாள அறையில் பூட்டி வைக்கிறார்கள். எங்கட பனங்கள்ளு தவறணையில் பிளாஸ்டிக் கப்பில் நிற்குது. குடிக்கிறவரும் ரோட்டில ஆர் வருகினம் எண்டு பார்த்துத்தான் குடிக்கிறார். இரண்டும் சீனிச் சாறு புளித்து உண்டான பானங்கள். ஒன்றுக்குப் பெயரும் பெருமையும் எப்படி வந்தது, மற்றதுக்கு ஏன் வரவில்லை? இந்தக் கட்டுரையில் நாங்கள் கேட்கிறது இந்த ஒரு கேள்வியைத்தான்.

ஒரு தோட்டம் பெயரெடுத்த கதை

ஒப்பிட்டுப் பார்க்க ஓ-பிரியோன் என்ற தோட்டத்தை எடுப்போம். போர்தோ நகரத்தை ஒட்டிய பெசாக் என்ற ஊரில் இருக்கு. பொன்தாக் என்ற குடும்பம் 16ஆம் நூற்றாண்டில் இதை உருவாக்கியது. பொன்தாக்குகள் பணக்காரர்கள், போர்தோ நீதிமன்றத்தில் பெரிய பதவி வகித்தவர்கள்.

அந்தக் காலத்தில் போர்தோ வைனுக்குத் தோட்டத்தின் பெயர் கிடையாது. இங்கிலாந்துக்காரர் அதைக் 'கிளாரெட்' எண்டு பொதுப்பெயரில் பீப்பாய் பீப்பாயாக வாங்கினார்கள். அந்த வருடத்து வைனை அந்த வருடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். அடுத்த வருடத்துச் சரக்கு வந்தால் பழையதன் விலை விழுந்துவிடும். பழைய வைன் என்றால் விலை கூட என்ற இன்றைய வழக்கத்துக்கு நேர் எதிர்.

பொன்தாக் குடும்பம் செய்த புதுமை, தங்கட தோட்டத்துச் சரக்கைத் தனியாகப் பெயர் சொல்லி விற்றது. 1663 ஏப்ரல் 10ஆம் திகதி, இலண்டன் விடுதி ஒன்றில் சாமுவேல் பீப்ஸ் என்ற அரச உத்தியோகத்தர் ஒரு பிரெஞ்சு வைனைக் குடித்துவிட்டு, இதுவரை காணாத ஒரு தனிச்சுவை எண்ட கருத்துப்பட நாட்குறிப்பில் எழுதி வைத்தார். பெயரின் எழுத்துக்கூட்டல் பிழை. ஆனாலும் அது ஓ-பிரியோன்தான் எண்டு விளங்குது. 1666இல் இலண்டன் பெரும் தீயில் எரிந்த பிறகு, பொன்தாக்கின் மகன் அங்கேயே ஒரு உணவு விடுதி திறந்தார். பெயர்ப்பலகையில் தகப்பனின் தலை. நகரத்தின் எழுத்தாளரும் விஞ்ஞானிகளும் பிரபுக்களும் அங்கே வந்து சாப்பிட்டார்கள், கூடவே அந்த வைனையும் குடித்தார்கள்.

1677இல் தத்துவஞானி ஜோன் லொக் அந்தத் தோட்டத்தை நேரில் போய்ப் பார்த்தார். அவர் கண்டது வெள்ளை மணலும் சரளைக்கல்லும் கலந்த நிலம். பார்த்தால் ஒன்றுமே விளையாது எண்டு தோன்றக்கூடிய நிலம் என்பது அவருடைய குறிப்பு. மன்னார் தீவைப் பார்த்தவர்களுக்கு இந்த வர்ணனை புதுசா இருக்காது. வெள்ளை மணல், உப்புக் காற்று, ஒன்றும் வராது எண்டு நினைக்கிற இடம். அதில்தான் பனை நிற்குது.

அதுக்குப் பிறகு அந்தத் தோட்டத்துக்கு வந்ததெல்லாம் பத்திரமும் பட்டியலும். 1855இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் போர்தோ வைன்களுக்கு ஒரு தரவரிசை கேட்டான். போர்தோவின் தரகர்கள் அதைத் தயாரித்தார்கள். அவர்கள் புதிதாக ருசி பார்த்துப் புள்ளி போடவில்லை. பல வருடமாக எந்தத் தோட்டம் எந்த விலைக்குப் போனது என்ற கணக்கைத்தான் அடிப்படையாக வைத்தார்கள். சிவப்பு வைனில் முதல் வகுப்புக்கு நாலு தோட்டங்கள் வந்தன: லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். முதல் மூன்றும் மெதோக் பகுதியைச் சேர்ந்தவை, ஓ-பிரியோன் மட்டும் வெளியே. இதுக்குப் பிறகு முதல் வகுப்பில் நடந்த ஒரே மாற்றம், 1973இல் மூத்தோன் என்ற தோட்டம் இரண்டில் இருந்து ஒன்றுக்கு ஏறியது. மற்றபடி 170 வருடமாக அந்த முதல் வரிசை அப்படியே இருக்கு.

விலை கூட என்பதால் முதல் வகுப்பு, முதல் வகுப்பு என்பதால் விலை கூட. சுத்திச் சுத்தி ஒரே வட்டம். வைன் நல்லதில்லை எண்டு நாங்கள் சொல்ல வரவில்லை. நல்லது எண்டு எழுதி வைத்தவர்களிடம் பேனாவும் பணமும் இருந்தன என்பதைத்தான் சொல்லுறம்.

அந்தப் பணத்துக்கும் ஒரு கதை இருக்கு. 18ஆம் நூற்றாண்டில் போர்தோ துறைமுகம் அட்லாண்டிக் அடிமை வியாபாரத்திலும் கரீபியத் தீவுகளின் சீனியிலும் கொழுத்த துறைமுகம். ஆபிரிக்க மக்களைப் பிடித்துக் கப்பலேற்றிய நகரம்தான் தன் வைனுக்கு நாகரிகத்தின் அடையாளம் எண்டு பெயர் வாங்கியது. ஓ-பிரியோனின் உரிமையாளர் ஜோசப் த ஃபுமெல் பிரெஞ்சுப் புரட்சியில் 1794இல் தலை வெட்டப்பட்டார். தோட்டம் கைமாறியது, பெயர் மாறவில்லை. 1935இல் அமெரிக்க வங்கியாளர் கிளாரன்ஸ் டிலன் அதை வாங்கினார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கு.

காலம் எப்படி வேலை செய்யுது

இரண்டு பானமும் எப்படி உண்டாகுது எண்டு பக்கத்தில பக்கத்தில வைத்துப் பார்ப்போம்.

ஓ-பிரியோனில் சிவப்பு வைனுக்கு மெர்லோ, கபர்னே சோவிஞ்ஞோன், கபர்னே ஃபிரான் என்ற திராட்சைகள் முக்கியம். செப்டம்பர், ஒக்டோபரில் கையால் ஆய்ந்து, பழுதானதைப் பொறுக்கி எறிந்து, நசுக்கித் தொட்டியில் விடுவார்கள். 1960களின் தொடக்கத்திலேயே இந்தத் தோட்டம் எஃகுத் தொட்டிக்கு மாறிவிட்டது. பெரிய தோட்டங்களில் அதை முதலில் செய்தவர்கள் இவர்கள். பழத்தின் தோல் சாற்றோடு சேர்ந்தே கிடக்கும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருந்துதான் வருகின்றன. நொதியம் சீனியைத் தின்று அற்ககோலாக்கும். பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை, இரண்டு வருடம் கிடந்து, போத்தலுக்குப் போகும். போத்தலுக்குள்ளும் பல பத்து வருடம் மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும்.

பனை வேறு மாதிரி. மாரி மழை ஓய்ந்து, பனை பாளை விடும் காலத்தில் சீவல் தொடங்கும். ஆண்பனையும் சீவலாம், பெண்பனையும் சீவலாம். ஆனால் நட்ட பனை ஆணா பெண்ணா எண்டு அது பூக்கும் வரை ஆருக்கும் தெரியாது. அதுக்கே பன்னிரண்டு, பதினைந்து வருடத்துக்கு மேல் போகும். திராட்சைக்கொடி மூன்று நாலு வருடத்தில் காய்க்கும். பொறுமையில் எது பெரிய பயிர் எண்டு நீங்களே சொல்லுங்கோ.

சீவுகிறவர் காலில் தளைநார் போட்டு, இடுப்பில் கத்திக்கூட்டைக் கட்டி ஏறுவார். பாளையை நாரால் சேர்த்துக் கட்டி, நாள்கணக்கில் பக்குவமாகத் தட்டி, இடுக்கி, நசித்துப் பழக்க வேண்டும். பலமாகத் தட்டினால் பாளை செத்துப்போகும். மெதுவாகத் தட்டினால் சாறு வராது. பிறகு நுனியைத் துளித்துளியாகச் சீவி முட்டியைக் கட்டுவார். காலையும் பின்னேரமும் ஏறி, மறுபடி மெல்லிய சீவல். கத்தி கூர் குறைந்தால் சாறு அடைபடும். இந்தக் கைப்பக்குவத்தைச் சொல்லிக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் கிடையாது. தகப்பன் ஏற மகன் கீழே நின்று பார்த்ததுதான் படிப்பு.

பனஞ்சாற்றில் ஏறத்தாழ 12 வீதம் சீனி. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் நொதியம் வேலை செய்யாது, அது கருப்பநீர். குடிக்கலாம், காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு பூசாமல் விட்டால் காற்றிலும் பாளையிலும் முட்டியிலும் இருக்கிற நொதியங்கள் மரத்தின் உச்சியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். இறக்கும்போதே அது கள்ளு. சில மணித்தியாலத்தில் 4 தொடக்கம் 6 வீதம் அற்ககோல். காலைக் கள்ளு இனிக்கும், பின்னேரமானால் உறைக்கும், அடுத்த நாள் புளிக்கும், அதுக்கும் பிறகு வினாகிரி. அம்மாமார் அப்பத்துக்கு மா புளிக்க வைக்கத் தேடுகிற கள்ளும் இதுதான். உடன்கள்ளின் ஆயுள் ஒரு பகல்.

'வைனை வைத்திருக்கலாம், கள்ளை வைத்திருக்க ஏலாது, அதனால்தான் இந்த வித்தியாசம்' எண்டு பலர் சொல்லுவினம். பாதி உண்மை. வைனும் ஒரு காலத்தில் வருடத்துக்குள் கெட்டுப்போகிற சரக்குத்தான் எண்டு மேலே பார்த்தம். அதைக் காப்பாற்றியது மூன்று விசயம்: பீப்பாய்க்குள் கந்தகம் எரித்துக் கிருமியைக் கட்டுப்படுத்தியது, உறுதியான கண்ணாடிப் போத்தல், தக்கை. இந்த மூன்றும் திராட்சையோடு கூடப் பிறந்தவை இல்லை. பணமும் ஆர்வமும் இருந்த வியாபாரிகள் பரப்பியவை. கள்ளுக்கு அப்படி ஆரும் பல நூறு வருடம் மினக்கெடவில்லை.

ஒல்லாந்தர் இரண்டு இடத்தில் செய்த வேலை

பீப்பாயில் கந்தகத் திரி கொளுத்துகிற பழக்கத்தைப் போர்தோவில் பரப்பியவர்கள் ஒல்லாந்து வியாபாரிகள். ஓ-பிரியோனுக்கு வடக்கே மெதோக் பகுதியில் சதுப்பு நிலத்தை வடித்துத் தோட்டத்துக்கு இடம் எடுத்ததும் 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்துப் பொறியியலாளர்கள்தான்.

இதே ஒல்லாந்தர் 1658இல் மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள். பீப்ஸ் இலண்டனில் ஓ-பிரியோனைக் குடிக்க இன்னும் ஐந்து வருடம் இருந்த நேரம். இலங்கைக் கரையோரங்களில் அவர்கள் கள்ளையும் சாராயத்தையும் பார்த்த பார்வை வேறு. போர்தோவில் கண்டது ஒரு நல்ல சரக்கு, அதைக் கெடாமல் வைத்திருக்க வழி தேடினார்கள். இங்கே கண்டது குத்தகைப் பணம். மது விற்கும் உரிமையை ஏலத்தில் விட்டு, கூடக் கேட்டவருக்குக் கொடுத்து, வருமானத்தை எடுத்தார்கள். சாராயம் நல்லதா கெட்டதா என்பது குத்தகைக் கணக்கில் வராது.

பிரித்தானியர் அந்தக் குத்தகை முறையை இன்னும் இறுக்கினார்கள். 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. கள்ளு இறக்குவதும் விற்பதும் அனுமதிப்பத்திரத்துக்குள் வந்தன. மது எதிர்ப்பு இயக்கம் நாடு முழுக்க எழுந்ததும் இந்தக் காலத்தில்தான். அந்தச் சட்டம் இன்றைக்கும் திருத்தங்களோடு நடைமுறையில் இருக்கு. கள்ளு விற்கும் இடத்துக்கு நாங்கள் சொல்லுற 'தவறணை' என்ற சொல்லே ஐரோப்பியர் தந்தது.

போர்தோ தோட்டத்துக்கு 1855இல் கிடைத்த காகிதம் ஒரு தரவரிசை. இங்கே சீவல் தொழிலாளிக்கு 1912இல் கிடைத்த காகிதம் ஒரு அனுமதிப்பத்திரம். அங்கே அரசு, நீ எவ்வளவு உயர்ந்தவன் எண்டு எழுதியது. இங்கே அரசு, நீ எத்தனை மரம் சீவலாம் எண்டு எழுதியது.

பீடத்தில் ஒன்று, கொட்டிலில் ஒன்று

மன்னாரில் இந்தக் கதைக்கு இன்னொரு அடுக்கு இருக்கு. 1540களில் கத்தோலிக்கம் இந்தத் தீவுக்கு வந்தது. 1544இல் மதம் மாறியவர்கள் யாழ்ப்பாண அரசனின் படையால் கொல்லப்பட்டதும், 1560இல் போர்த்துக்கேயர் தீவைப் பிடித்ததும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. பேசாலை, வங்காலை, தலைமன்னார் எண்டு கரை நெடுக இருக்கிற கோவில் மணிகள் அதன் தொடர்ச்சி.

திருப்பலிக்குத் திராட்சை இரசம் வேண்டும். திருச்சபைச் சட்டம் இதில் கண்டிப்பு. திராட்சைக்கனியில் இருந்து வந்த, கலப்பில்லாத, கெட்டுப்போகாத இரசமாக இருக்க வேண்டும். வேறு பழமோ சாறோ செல்லாது. அதனால் திராட்சை விளையாத ஒரு மணல் தீவில், கிட்டத்தட்ட ஐந்நூறு வருடமாக, வெளியில் இருந்து கொண்டுவந்த வைன் பீடத்தில் உயர்த்தப்படுது. அதே கோவில் மதிலுக்கு வெளியே நிற்கிற பனையின் சாறு ஒருநாளும் அந்தக் கிண்ணத்துக்குள் போனதில்லை.

விசுவாசத்தின் விதியோடு நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. அந்த விதி திராட்சை விளைந்த ஒரு தேசத்துக் கதையில் இருந்து வந்தது, அதுக்கு அதன் நியாயம் இருக்கு. நாங்கள் கவனிக்கிறது, ஒரு ஊரின் மனதில் என்ன பதிந்தது என்பதை. வைன் என்றால் புனிதம், கள்ளு என்றால் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய விசயம். இரண்டிலும் இருக்கிற அற்ககோல் ஒன்றுதான் எண்டு சொன்னால் அம்மம்மா திட்டுவா.

மரம் ஆருடையது?

இனி முக்கியமான இடத்துக்கு வருவம். பொன்தாக் தன் வைனுக்குத் தன் பெயரை வைக்க முடிந்தது, நிலமும் தொட்டியும் விற்பனையும் அவரிடமே இருந்ததால். கொடி நட்டவரின் பெயரும் பழம் ஆய்ந்தவரின் பெயரும் அங்கேயும் போத்தலில் இல்லை. பெருமை நிலச்சொந்தக்காரனுக்குப் போனது. ஆனால் அந்தச் சொந்தக்காரன் தன் பானத்தை வெளிச்சத்தில், விருந்து மேசையில் வைத்துக் குடித்தான். அதனால் பானமும் அவனோடு சேர்ந்து உயர்ந்தது.

எங்கட வடக்கில் பனங்காணி பெரும்பாலும் ஒருவருடையது, ஏறுகிறவர் இன்னொருவர். காணிக்காரருக்குக் குத்தகைப் பணமோ கள்ளில் பங்கோ போகும். ஏறுவது குறிப்பிட்ட சாதிகளின் வேலை எண்டு ஆக்கப்பட்டது. அவர் இறக்கிய கள்ளு வீட்டின் பின்பக்கத்தால் உள்ளே போகும், அவர் முன்பக்கத்தால் வர ஏலாது. தேநீர்க்கடையில் அவருக்கு வேறு கிளாஸ், வேறு இருக்கை. 1960களின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் தேநீர்க்கடைப் பிரவேசமும், மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசமும் போராட்டமாக நடந்தது இந்த அவமானத்துக்கு எதிராகத்தான். மன்னாரில் சாதி இல்லை எண்டு சிலர் சொல்லுவினம். கலியாணம் பேசுகிற நேரம் வந்தால் தெரியும்.

இதில்தான் எங்கட கேள்விக்குப் பதில் இருக்கு எண்டு நினைக்கிறம். கள்ளைக் குடித்தவர் அதைத் தன் பெயரோடு சேர்க்க விரும்பவில்லை. கள்ளை இறக்கியவருக்குத் தன் பெயரை எழுதி ஒட்ட உரிமை இருக்கவில்லை. இரண்டு பக்கமும் பெயரில்லாமல் போனது. ஒரு பானத்தின் மரியாதை அதை உண்டாக்குகிறவரின் மரியாதையை விட மேலே ஏறாது, அவரை முழுசா மறைத்துவிட்டால் ஒழிய. பிரான்ஸ் மறைத்தது, நாங்கள் பின்பக்கத்துக்கு அனுப்பினம்.

ஒரு கொஞ்சக்காலம் மாறத் தொடங்கியது

1970களின் தொடக்கத்தில் தனியார் தவறணைக் குத்தகை முறை நீக்கப்பட்டு, பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. சீவுகிறவர்களே அங்கத்தவர்கள். கள்ளு சங்கத்துக்குப் போகும், விலையைச் சங்கம் தீர்மானிக்கும், குத்தகைக்காரன் நடுவில் இல்லை. வடக்கில் இது சின்ன விசயம் இல்லை. பரம்பரையாகக் கைநீட்டிக் கூலி வாங்கியவர் கூட்டத்தில் கையுயர்த்தி வாக்குப் போட்டார். 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. வடமராட்சியில் திக்கம் வடிசாலை பனஞ்சாராயம் வடித்தது. போத்தலில் அடைத்த கள்ளும் வந்தது.

பிறகு போர். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் முதலில் விழுந்தது பனை. இரண்டு தரப்பும் வெட்டின. ஏறத் தெரிந்தவர்கள் இடம்பெயர்ந்தார்கள், முகாமுக்குப் போனார்கள், படகேறி இந்தியாவுக்குப் போனார்கள். திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் மரம் ஏற விரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. விழுந்தால் இடுப்பு முறியும், விழாவிட்டால் 'மரமேறியின் பிள்ளை' எண்ட பெயர் முறியாது. அந்தத் தொழிலை விட்டு ஓடுவது பலருக்கு விடுதலை.

கடலுக்கு அந்தப் பக்கம் நிலைமை இன்னும் விசித்திரம். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். ஆனால் 1987இல் இருந்து அங்கே கள்ளு இறக்கத் தடை. அதே நேரம் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, சுண்ணாம்பு பூசிய முட்டிக்கு விருது, பூசாத முட்டிக்கு வழக்கு.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். குடி எங்கட ஊர்களில் எத்தனை வீட்டை அழிக்குது எண்டு எங்களுக்குத் தெரியும். சம்பளம் வீட்டுக்கு வராத மாதங்களும், இரவில் அடி விழுகிற சத்தமும் கற்பனைக் கதைகள் இல்லை. கள்ளைக் கொண்டாடச் சொல்லி நாங்கள் எழுதவில்லை. ஆனால் குடியின் கேடு பற்றிப் பேசுகிறபோது கள்ளுக்கொட்டிலை மட்டும் காட்டி, ஹொட்டல் மேசையில் இருக்கிற வைன் கிளாசை ரசனை எண்டு சொல்லுறது நேர்மையில்லை. ஈரலுக்குச் சாதி தெரியாது.

மணலுக்குக் கீழே

'பெயர் இல்லாவிட்டால் என்ன, பானம் தானே' எண்டு கேட்கலாம். பெயரால் என்ன கிடைக்கும் என்பதைப் பெசாக்கில் பார்க்கலாம். 20ஆம் நூற்றாண்டில் போர்தோ நகரம் வீங்கியது. பெசாக்கைச் சுற்றியிருந்த பல திராட்சைத் தோட்டங்கள் வீடுகளாகவும் வீதிகளாகவும் மாறின. ஓ-பிரியோன் இன்றைக்கு நகரத்தின் நடுவில் ஒரு பச்சைத் தீவு மாதிரி நிற்குது, ஏறத்தாழ 50 ஹெக்டேயர். காணி விலை வானத்துக்குப் போன இடம். ஆனாலும் அந்தச் சரளை மண்ணை ஆரும் தோண்டப் போவதில்லை. அந்த மண்ணுக்கு ஒரு பெயர் இருக்கு. 1935இல் பிரான்ஸ் உருவாக்கிய சட்டமுறை, ஒரு வைனின் பெயரை அது விளைந்த நிலத்தோடு கட்டிவைக்குது. 1987இல் பெசாக்-லெயோஞ்ஞான் என்று அந்தப் பகுதிக்கே தனிப் பெயர் கிடைத்தது. பெயர் அந்த நிலத்துக்கு ஒரு வேலி.

இப்ப மன்னாருக்கு வாங்கோ. தீவின் தெற்குக் கரையில் 2020இல் 30 காற்றாலைகளோடு ஒரு மின்நிலையம் திறக்கப்பட்டது. மணலுக்குள் இல்மனைற் இருக்கு எண்டு கண்டு, கனியமண் அகழ்வுத் திட்டங்கள் வந்தன. 2025இல் மன்னார் மக்கள் காற்றாலை விரிவாக்கத்துக்கும் கனியமண் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இருந்தார்கள். மீனவர், மதகுருமார், தாய்மார், எங்கட வயதுப் பெடியள், பெட்டையள் எல்லாரும். காற்றில் மின்சாரம் எடுப்பது நல்லதா கூடாதா என்பது வேறு விவாதம். நாங்கள் பார்த்தது அந்தத் திட்டங்கள் பேசப்படுகிற பாசை. 'வெறும் மணல்', 'பயன்படாத காணி'. வெள்ளை மணலில் ஒன்றும் விளையாது எண்டு தோன்றுகிறது என்ற லொக்கின் அதே முதல் பார்வை. லொக்குக்குப் பக்கத்தில் பொன்தாக்கின் பெயர் இருந்தது, அதனால் அவர் இரண்டாம் முறை பார்த்தார். எங்கட மணலை இரண்டாம் முறை பார்க்க வைக்க ஒரு பெயர் இல்லை.

இலங்கைக் கறுவாவுக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. தேயிலைக்குச் சிங்க இலச்சினை எப்பவோ இருக்கு. இரண்டும் காலனியக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றுமதி எண்டு எழுதப்பட்டவை. பனை அந்தப் புத்தகத்தில் வரியாகவும் மரமாகவும்தான் பெரிதாக இருந்தது. அதனால் இன்றைக்கும் அதைப் பாதுகாக்க வேண்டிய பெயராக ஆரும் யோசிக்கிறது குறைவு.

எழுதத் தொடங்கலாம்

கள்ளை ஓ-பிரியோன் ஆக்க வேண்டும் எண்டு நாங்கள் கேட்கவில்லை. சில நூறு யூரோவுக்கு ஒரு போத்தல் கள்ளு விற்றால் அதைக் குடிக்கப்போவது பேசாலை மீனவர் இல்லை. காணிக்காரனின் பெயரை ஒட்டி ஏறுகிறவரை மறைக்கிற பெருமை எங்களுக்கு வேண்டாம், அந்தப் பாதையில் பிரான்ஸ் போய்விட்டது.

ஆனால் எழுதி வைக்கலாம். பீப்ஸ் ஒரு பெரிய வைன் நிபுணர் இல்லை. குடித்ததை அன்றைக்கே எழுதி வைத்த ஒரு உத்தியோகத்தர், அவ்வளவுதான். அந்த ஒரு வரி 360 வருடமாக ஒரு தோட்டத்துக்குச் சாட்சி சொல்லுது. எங்கட கலைப்பீடங்களில் வருடா வருடம் எத்தனை ஆய்வுக்கட்டுரை எழுதுறம். தலைமன்னார் ஆண்பனைக் கள்ளுக்கும் எருக்கலம்பிட்டிப் பக்கத்துக் கருப்பநீருக்கும் என்ன வித்தியாசம், கரைக் காற்றில் நிற்கிற பனையின் சாறு எப்படி, உள்ளே நிற்பது எப்படி, பாளையை எத்தனை நாள் தட்ட வேண்டும், இதெல்லாம் தெரிந்த ஆக்கள் இன்னும் சிலர் இருக்கினம். அவையளுக்கு வயது போயிட்டுது. அவையள் சம்மதித்தால், அவையளின் சொந்தப் பெயரோடு, அவையள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். 'ஒரு தொழிலாளி கூறினார்' எண்டு எழுதினால் பழைய கதைதான்.

மாந்தையில் கிடைத்த திராட்சை விதைக்கு இன்றைக்கு ஆய்வுகூடத்தில் ஒரு இலக்கம் இருக்கு, ஒரு காலக் கணிப்பு இருக்கு. வெளியில் இருந்து வந்த ஒரு விதை ஆயிரத்துச் சொச்சம் வருடம் மண்ணுக்குள் கிடந்தும் தன் கதையைச் சொல்லிவிட்டது. பக்கத்தில் நிற்கிற பனையில் இன்றைக்கும் ஒருவர் காலையில் ஏறி முட்டியை இறக்குறார். அவரிடம் போய்க் கேட்க ஆயிரம் வருடம் தேவையில்லை, ஒரு காலை போதும். கள்ளு புளிக்க முதல் போக வேண்டும், அவ்வளவுதான்.